புளியமரத்தில் செயின்சா திணறி நிற்கிறதா? கிளட்ச்சைக் கழற்றும் முன் காதைக் கொடுங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 58 சிசி என்று விற்கப்படும் மிஷின், 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). ஊர் தேனி மாவட்டக் கூடலூர். மேலே வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் நிழல்மரக் கிளை கழிக்கும் வேலை, கீழே பள்ளத்தாக்கில் மரம் அறுக்கும் வேலை என்று இரண்டு பக்கமும் ஓடுகிறீர்கள். சில்வர் ஓக்கில் மிஷின் பறக்கிறது. செயினைக் கடையில் சாணை பிடித்து வாங்கிய பிறகு முன்பைவிட வேகம். காய்ந்த புளியமரத்தில் வைத்தால் மட்டும் பாதி அறுப்பில் இன்ஜின் அமுங்குகிறது, செயின் நின்றுவிடுகிறது, கிளட்ச் மூடிப் பக்கம் புகையும் கருகல் நாற்றமும் வருகிறது. கிளட்ச்சும் டிரம்மும் ஒருமுறை மாற்றியும் இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. போட்ட கிளட்ச் மட்டமான சரக்கா, மிஷினையே தள்ளிவிட்டுப் பெரிதாக வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தோட்டத்தில் ஒருவர் கார்புரேட்டர் திருகைத் திருப்பிக் கொடுத்ததையும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

மிஷினை விற்க வேண்டாம். கிளட்ச்சையும் இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். கம்பத்தில் இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மிஷின்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். "கிளட்ச் போச்சுண்ணே" என்று வருகிறவற்றில் பெரும்பாலான மிஷின்களில் கிளட்ச் தானாகப் போனதில்லை. வேறொன்று அதை எரித்திருக்கும். அந்த வேறொன்றைத் தேடாமல் புதுக் கிளட்ச் போட்டால் அதுவும் எரியும். உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்பது என் கணிப்பு. உங்கள் எழுத்திலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன, வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பைக்கில் இருப்பதுபோல லீவர் வைத்த கிளட்ச் இல்லை இது. இன்ஜின் சுற்றும் தண்டான கிராங்கின் முனையில் இரண்டோ மூன்றோ இரும்புக் கட்டைகள் ஸ்ப்ரிங்கால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஐட்லிங்கில், அதாவது நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில், ஸ்ப்ரிங் அவற்றை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். ரேஸ் கொடுத்து 4,000 சுற்றை ஒட்டிப் போகும்போது கட்டைகள் வெளியே விரிந்து, அவற்றைச் சுற்றிக் கிண்ணம்போல் இருக்கும் டிரம்மின் உள்சுவரை அழுத்தும். டிரம் சுற்றும், அதோடு செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் சுற்றும், செயின் ஓடும். ராட்டினம் வேகமெடுக்கும்போது தொட்டில்கள் வெளிப்பக்கம் வீசுமே, அதே விசைதான்.

இந்த விசை சுற்றோடு நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடும். சுற்று இரட்டித்தால் பிடி நான்கு மடங்காகும். பாதியானால் கால்வாசிக்கு இறங்கும். 10,000 சுற்றில் கிளட்ச்சுக்கு இருக்கும் பிடியில் 7,000 சுற்றில் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். அதிலிருந்தும் ஸ்ப்ரிங்கின் இழுப்பு கழியும். அதனால் நல்ல கிளட்ச்சாக இருந்தாலும், மரத்துக்குள் சிக்கி இன்ஜின் 5,000 பக்கம் இறங்கிவிட்டால் அது நழுவத்தான் செய்யும். அது கிளட்ச்சின் குற்றம் இல்லை. நழுவுகிற அந்த நேரத்தில் நீங்கள் ஆக்சிலேட்டரை விடாமல் அமுக்கிப் பிடித்திருந்தால், இன்ஜினின் சக்தி முழுவதும் கட்டைக்கும் டிரம்முக்கும் நடுவே சூடாக மாறும். சில நொடிகளில் டிரம் நீலம் பாரிக்கும். ஸ்ப்ரிங் அந்தச் சூட்டில் முறுக்கு இழக்கும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் நழுவும்.

ஆகவே இங்கே இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. இரண்டிலும் செயின் நிற்கும், இரண்டிலும் புகை வரும். பிரித்துக் காட்டுவது சத்தம் மட்டுமே. மிஷினைப் பிரிப்பதற்கு முன்னால் ஒருமுறை அறுத்துப் பாருங்கள், கண்ணை விடுங்கள், காதைக் கொடுங்கள். செயின் நிற்கிற கணத்தில் இன்ஜின் சத்தம் கீழே இறங்கி, கரகரத்து, அமுங்கி நிற்கிறதா? அப்படியென்றால் இன்ஜினுக்கு அதன் சக்தியை மீறிய பாரம் ஏறியிருக்கிறது, அல்லது இன்ஜினிலேயே சக்தி குறைந்திருக்கிறது. கிளட்ச் வெறும் சாட்சி. மாறாக, செயின் நின்றுவிட்டது, இன்ஜின் மட்டும் சத்தம் இறங்காமல் கீச்சென்று ஓடிக்கொண்டே இருக்கிறதா? அப்படி இருந்தால்தான் கிளட்ச் நழுவுகிறது என்று பேர். நீங்கள் "அமுங்குகிறது" என்று எழுதியிருப்பதால் முதல் வகை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

இனி செயினுக்கு வருவோம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்து மிஷின் வந்தது. புகார் உங்களுடையதேதான். கிளட்ச் கட்டைகள் கண்ணாடிபோல் பளபளத்துக் கிடந்தன, டிரம் நீலம். புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, இன்னொன்று போட்டேன். மறுபடி வந்தபோது மிஷினோடு ஒரு பெரியவரும் வந்தார். மரவாடியில் இரண்டு பேர் இழுக்கும் வாளில் காலம் கழித்தவர். கடை வாசலில் கிடந்த புளியங்கட்டையில் வைத்து ஒரு அறுப்பு போடச் சொன்னார். கீழே விழுந்த தூளை ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "மாவா இருக்கு பாரு தம்பி. இது அறுக்கல, அரைக்குது" என்றார். அன்றைக்கு அந்த ஆளிடம் இரண்டு கிளட்ச்சுக்கு நான் வாங்கிய காசு இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். அன்றிலிருந்து எந்த மிஷின் வந்தாலும் முதலில் பார்ப்பது தூளைத்தான்.

கூர்மையான பல் மரத்தைச் சீவும். கீழே விழுவது சதுரம் சதுரமான சீவலாக இருக்கும். மழுங்கிய பல் மரத்தைத் தேய்க்கும், விழுவது மாவு. சில்வர் ஓக் போன்ற மென்மையான மரத்தில் மழுங்கிய பல்லும் ஒருவாறு இறங்கிவிடும், அதனால் உங்களுக்குத் தெரியாது. தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ என்றால், காய்ந்த புளி 900க்கு மேல் போகும். நடுவில் கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்திருந்தால் பல் அதன்மேல் ஏறிச் சறுக்கும். நீங்கள் மிஷினை அமுக்குவீர்கள். அமுக்கினால் உராய்வு கூடும், சுற்று இறங்கும், பிடி போகும், புகை வரும். தேக்கு வேறு விதத்தில் கெடுக்கும். அது கனம் குறைவு, ஆனால் அதன் மரத்துக்குள் மணல் போன்ற சிலிக்கா உண்டு, பல்லைத் தின்றுவிடும். சாலையோரப் புளியமரம் இரண்டையும் மிஞ்சும். பல வருடத்துப் புழுதி பட்டையில் ஏறியிருக்கும், போர்டு அடித்த ஆணிகள் மரத்துக்குள்ளேயே புதைந்து மூடியிருக்கும். ஒரே ஒரு ஆணி ஒரு பக்கத்துப் பற்களை முழுக்க மொட்டையாக்கிவிடும். அப்படிப்பட்ட மரத்தில் அறுக்கப்போகும் இடத்தில் மட்டும் பட்டையை வெட்டரிவாளால் செதுக்கிவிட்டு வாளை வையுங்கள். ஐந்து நிமிட வேலை, செயினின் ஆயுள் பல மடங்கு கூடும்.

இப்போது முதல் தடயம். சாணை பிடித்த பிறகு சில்வர் ஓக்கில் வேகம் கூடியது, புளியில் நிற்கத் தொடங்கியது என்கிறீர்கள். ஒவ்வொரு அறுக்கும் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பல் எவ்வளவு ஆழம் மரத்தைக் கடிக்கலாம் என்று அளந்து கொடுப்பது அந்த மேடுதான். பல்லின் உச்சியைவிட அது 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது வழக்கமான அளவு. சில கடைகளில் "நல்லா இறங்கட்டும்" என்று அந்த மேட்டையும் கண்ணளவில் தேய்த்துவிடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டால் மென்மரத்தில் மிஷின் பறக்கும், அறுக்கிறவருக்கும் சந்தோஷம். அதே செயின் புளியில் ஒவ்வொரு பல்லிலும் கனமான சீவலைக் கடித்து இழுக்கப் பார்க்கும். 58 சிசி இன்ஜினால் அதைத் தாங்க முடியாது, சட்டென அமுங்கும். கூடவே மிஷின் குதிக்கும், பார் மூக்கு எதிலாவது பட்டால் முகத்துக்கு எகிறும். அந்த ஆபத்தைத் தனியாகவே நினைவில் வையுங்கள்.

ஒரு தட்டையான இரும்பு அளவியை இரண்டு பற்களின் உச்சிமேல் படுக்கவைத்து, நடுவில் இருக்கும் மேட்டுக்கும் அளவிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இதற்கென்றே வெட்டு விட்ட அளவித் தகடு கடைகளில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. மேடு அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தால் அதை உயர்த்த வழி இல்லை. பல்லைத்தான் பின்னுக்கு அரம் போட்டுக் குறைக்க வேண்டும். பல்லின் உச்சி பின்பக்கமாகச் சரிந்திருப்பதால் அரம் போடப் போட உயரமும் குறையும். அதற்குப் பொறுமை இல்லையென்றால் புதுச் செயின்தான். புளிக்கு என்று தனியாக ஒரு செயின் வைத்துக்கொண்டு, அதில் மேட்டை 0.5 அல்லது 0.6 அளவிலேயே நிறுத்துங்கள். நான் இங்கே புளி அறுப்பவர்களுக்கு அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். சீவல் கொஞ்சம் மெலிதாக வரும், ஆனால் செயின் நிற்காமல் ஓடும்.

அரம் போடும்போது அரத்தின் கனம் முக்கியம். உங்கள் மிஷினில் இருப்பது பெரும்பாலும் 0.325 அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின். அதற்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். பெரிய மிஷின்களின் எட்டில் மூன்று அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5, சின்ன மிஷின்களில் வரும் அதே பிட்ச்சின் மெல்லிய செயினுக்கு 4. கையில் கிடைத்த அரத்தைப் போட்டால் பல்லின் வாய் கொக்கியாகவோ மொண்ணையாகவோ மாறிவிடும். பொதுவாகச் சாய்வு 30 டிகிரி வைப்பார்கள். வைரம் பாய்ந்த மரத்துக்கு 25 வைத்தால் கூர் அதிக நேரம் நிற்கும். இடது பல் எல்லாம் ஒரே நீளம், வலது பல்லும் அதே நீளம் இருக்கட்டும். ஒரு பக்கம் நீண்டுவிட்டால் அறுப்பு வளைந்து போகும். வளைந்த அறுப்புக்குள் நேரான பார் இறுகும், அதுவும் இன்ஜினைத்தான் அழுத்தும். மின்சாணையில் பிடித்த பற்களின் முனை நீலமாக மாறியிருந்தால் அந்தப் பல் பதம் இழந்துவிட்டது, புளியில் பத்து நிமிடம்கூட நிற்காது. ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு கை அரம் போடுங்கள். சாணைக்கடைக்குப் போகும் வேலையே குறைந்துவிடும்.

பார் நீளத்தைப் பற்றி ஒரு கணக்கு. 0.325 செயினில் அறுக்கும் பல் ஏறத்தாழ 33 மில்லிமீட்டருக்கு ஒன்று வரும். ஓரடிக் கனமுள்ள கட்டையில் ஒரே நேரத்தில் ஒன்பது பல் மரத்துக்குள் இருக்கும். ஒன்றரை அடியில் பதினான்கு. இருபது அங்குலம் என்றால் பதினைந்து. ஒவ்வொரு பல்லும் தன் பங்குக்கு இன்ஜினை இழுக்கும். 58 சிசி என்று ஒட்டியிருக்கும் இந்த வகை மிஷின்கள் பலவற்றில் சிலிண்டர் 45.2 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 34. பெருக்கிப் பாருங்கள், ஐம்பத்தைந்து சிசிகூடத் தேறாது. அந்த இன்ஜினில் 22 அங்குல பார் பூட்டி, மூக்கு வரை புளியில் புதைத்து அறுப்பது அதன் சக்திக்கு மீறிய வேலை. 18 அங்குல பார் போடுங்கள். பெரிய அடிமரத்தை இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்துக்கொள்ளலாம். புது மிஷின் வாங்கும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

பார், ஆயில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிரேக்கை விடுவித்து, செயினைக் கையுறை போட்ட கையால் இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் செயின் அதிகம் இறுகியிருக்கும், அல்லது பார் மூக்கின் உருளை பிடித்திருக்கும், அல்லது பாரின் இரண்டு விளிம்பும் நசுங்கிச் செயினைக் கவ்வும். ஆயில் வருகிறதா என்று பார்க்க, மூக்கை ஒரு வெளிறிய அடிக்கட்டைக்கு மேலே பிடித்து ரேஸ் கொடுங்கள். கட்டைமேல் ஆயில் கோடு விழ வேண்டும். நம் பக்கம் லாரிக் கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்கள் அதிகம், தயவுசெய்து வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும், ஆயில் பம்ப்பை அடைக்கும், நாள் முழுக்க அறுக்கிறவரின் தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. செயின் ஆயில் கிடைக்காத நாளில் புது இன்ஜின் ஆயிலாவது ஊற்றுங்கள்.

இரண்டாவது தடயம், மேலே தோட்டத்தில் திருப்பப்பட்ட கார்புரேட்டர் திருகு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர். குமுளி 900ஐ ஒட்டி வரும், வண்டன்மேடு 1,000 மீட்டருக்கு மேலே. ஏற ஏறக் காற்று மெலியும், 300 மீட்டருக்கு இன்ஜின் சக்தியில் நூற்றுக்கு மூன்று வீதம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே சரியாக இருந்த மிஷின் மேலே போனால் காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகிப் புகைந்து சோம்பும். அங்கே இருப்பவர் பெட்ரோலைக் குறைத்து வைப்பார். மேலே அது சரிதான். ஆனால் அதே மிஷினை மெட்டு, அதாவது மலைப்பாதை, இறக்கிக் கீழே கொண்டுவந்து புளியமரத்தில் வைக்கும்போது, காற்று அடர்த்தி, பெட்ரோல் பற்றாக்குறை. மரத்தில் வைக்காமல் அந்தரத்தில் ரேஸ் கொடுத்தால் கீச்சென்று மிக உயரமாகக் கத்தும். மிஷின் நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும். மரத்தில் வைத்ததும் துவண்டுவிடும். பெட்ரோலோடுதான் அதில் கலந்த டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயிலும் போகிறது என்பதால், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு ஆயிலும் குறையும், சூடும் ஏறும். இப்படியே ஓட்டினால் கிளட்ச்சோடு நிற்காது, பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகிவிடும்.

"எச்" என்று குறித்திருக்கும் திருகுதான் முழு ரேஸுக்கு உரியது. வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, செயினுக்குக் கூர் வைத்த பிறகே இதைத் தொடுங்கள். இன்ஜின் சூடானதும் அந்தரத்தில் ஓரிரு நொடி முழு ரேஸ் கொடுங்கள். சத்தம் சுத்தமாக இல்லாமல் லேசாகப் படபடவென்று உடைந்து கேட்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தப் படபடப்பு மறைந்து சுத்தமாக இழுக்க வேண்டும். அதுதான் சரியான இடம். அந்தரத்திலேயே சுத்தமாகக் கத்தினால் கொஞ்சம் இடப்பக்கம், எட்டில் ஒரு பங்கு சுற்று போதும், திருப்பிப் பாருங்கள். மரத்துக்குள்ளும் படபடப்பு தீரவில்லை, புகையும் வருகிறது என்றால் பெட்ரோல் அதிகம், வலப்பக்கம் கொஞ்சம். மெட்டு ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேலை தொடங்கக் கூடாது. சில மிஷின்களில் திருகுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு ஓரளவுக்கு மேல் திரும்பாமல் வைத்திருப்பார்கள், அதைப் பிய்த்து எறிய வேண்டாம்.

பெட்ரோல் பக்கத்தில் மீதிச் சந்தேகங்கள் சின்னவை. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திணறினால் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உடனே தெளிந்தால் டேங்க்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. சைலன்சர் வாயில் கரி படிந்தாலும் ரேஸ் ஏறாது. 2023 முதல் நம் பெட்ரோல் பங்க்குகளில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும், விரிசல் விடவைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் டேங்க்கை வடித்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு வையுங்கள். கலவை, நல்ல டூ-டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. மிஷினோடு வந்த தாளில் இருபத்தைந்துக்கு ஒன்று என்று போட்டிருந்தால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் சத்தம் இறங்காமல் செயின் மட்டும் நின்றால், அப்போது கிளட்ச்சைத் திறக்கலாம். திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது செயின் பிரேக் பட்டை. அது டிரம்மைச் சுற்றிய இரும்புப் பட்டை. பிரேக்கை விடுவித்த பிறகும் அது எங்காவது டிரம்மை உரசிக்கொண்டிருந்தால் இன்ஜினின் சக்தி அங்கேயே தீர்ந்துவிடும், கருகலும் அங்கிருந்தே வரும். மரத்தூளும் ஆயிலும் கலந்து கல்லாக இறுகிப் பட்டையைத் தள்ளிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது ஆயில். பார் ஆயில் பம்ப் கிளட்ச்சுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அது கசிந்தாலும், கிராங்க் சீல் கசிந்தாலும், கட்டைகள் எண்ணெய்க் குளியல் போட்டு நழுவும். கட்டையை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவைத்து, பளபளப்பு மட்டும் போகும் அளவுக்கு உப்புத்தாளில் தேயுங்கள். ஆனால் கசிவை அடைக்காமல் மூடினால் பயனில்லை. ஸ்ப்ரிங்கில் ஒன்று உடைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ப்ரிங் உடைந்த மிஷினில் ஐட்லிங்கிலேயே செயின் ஓடும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு மரம் ஏறவே கூடாது.

டிரம் நீலம் பாரித்து, உள்சுவர் தேய்ந்து மெலிந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். புதிதில் இருந்த கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டாலே அதன் காலம் முடிந்தது. அவசரத்தில் முன்பக்கக் கைக்கவசத்தைக் கை முன்னால் தள்ளியதும் செயினை நிறுத்துகிற பிரேக்கும் இதே டிரம்மைத்தான் பிடிக்கிறது. டிரம் கெட்டால் உங்கள் உயிரைக் காக்கும் பிரேக்கும் கெட்டது. ஸ்ப்ராக்கெட் பல்லில் செயின் பதிந்த தடம் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குக்குக் கொஞ்சம் கிரீஸ்.

கழற்றும்போது கிளட்ச் இடது மரை என்பதை மறக்க வேண்டாம். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும், பலவற்றில் அம்புக்குறியும் போட்டிருக்கும். பிஸ்டனை நிறுத்த, பிளக் துவாரத்தின் வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றை உள்ளே விடுங்கள். பிஸ்டன் மேலே ஏறி சைலன்சர் வழியை மூடிய பிறகே கயிற்றை விட வேண்டும், இல்லையென்றால் கயிறு அந்த வழியில் புகுந்து வெட்டுப்படும். உளி வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றிய கிளட்ச்கள் என்னிடம் விரிசலோடு வருகின்றன. அப்படி விரிந்தது 10,000 சுற்றில் சிதறினால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுக்கும் விதத்தில் இரண்டே விஷயம். ஒன்று, அரை ரேஸில் அறுக்காதீர்கள். மரத்தைத் தொடும் முன்பே முழு ரேஸ், வெளியே வந்த பிறகே விடுவது. அரை ரேஸில் கிளட்ச் பாதிப் பிடியில் தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டு, செயின் நின்றால் அந்த நொடியே ஆக்சிலேட்டரை விடுங்கள். "கொஞ்சம் அமுக்கினா போயிரும்" என்று பிடித்துக்கொண்டிருக்கும் அந்த நான்கைந்து நொடிதான் உங்கள் முதல் கிளட்ச்சைத் தின்றிருக்கும். இன்ஜினை அணைத்து, அறுப்பில் ஆப்பு அடித்து வாயைத் திறந்து, பாரை வெளியே எடுங்கள். பிரேக் போட்டபடி ரேஸ் கொடுப்பதும் இதே கணக்கில் சேரும். ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போட்டிருப்பது சரி, பிடித்ததும் ஆக்சிலேட்டரை ஒருமுறை தட்டி ஐட்லிங்குக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

பெரிய மிஷின் எப்போது வேண்டும்? மாதத்தில் பெரும்பாதி நாள் இரண்டு மூன்று அடிக் கனமுள்ள புளி அடிமரமே அறுக்கிறீர்கள் என்றால், ஸ்டில் 382 போல 72 சிசி வகையும் எட்டில் மூன்று அங்குலச் செயினும்தான் அதற்கு. ஏலத்தோட்டத்தில் கிளை கழிப்பதற்கு அதைச் சுமந்துகொண்டு மரம் ஏறினால் கை விட்டுப்போகும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு புளி வருவதே அபூர்வம். இருக்கும் மிஷினுக்கு 18 அங்குல பாரும், புளிக்கென்று தனிச் செயினும், கீழே இறங்கியதும் ஒரு திருகுச் சோதனையும் போதும்.

கடைசியாக, அந்தப் புகை. மூடிக்குள் ஆயிலில் ஊறிய மரத்தூள் அடைந்துகிடக்கிறது, பக்கத்தில் பழுக்கக் காய்ந்த டிரம். அது கனன்று எரியும். மாசி, பங்குனியில் மலைச்சரிவுப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை உயிரை வாங்கியது என்பதை நம் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. புகை வந்த மிஷினைப் புல்மேல் வைக்காதீர்கள், வெறும் மண்ணிலோ பாறையிலோ வையுங்கள். ஆறும்வரை பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நாளைக்கே மூடியைக் கழற்றி அந்தத் தூளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடுத்த புளியில் ஒரு அறுப்பு போட்டுவிட்டு, தூள் மாவாக வந்ததா சீவலாக வந்ததா, செயின் நின்றபோது சத்தம் இறங்கியதா இறங்கவில்லையா என்று மட்டும் எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.